எட்டு இல்லாத எண்

அந்தமானில், போர்ட் பிளேரின் சாத்தம் ஜெட்டியில், எதிர்க்கரையான பம்பூஃப்ளாட்டுக்குப் போகும் வாகனப் படகுக்காக வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரத்தில் நெல்சனுக்கு ஒரு ஸ்டிக்கர் கடை உண்டு. பைக்குக்குப் பெயர், ஆட்டோவுக்கு வாசகம், டிங்கிப் படகுக்குப் பதிவு எண், வீட்டுக் கேட்டுக்கு இலக்கம் என்று எது கேட்டாலும் வெட்டி ஒட்டித் தருவான். கை வேலை பார்க்கும்போது வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஜெபமாலை சொல்கிறான் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருப்பார்கள். உண்மையில் அவன் வரிசையில் நிற்கும் வண்டிகளின் எண்களை ஏழால், பதினொன்றால், பதிமூன்றால் வகுத்துக்கொண்டிருப்பான். மீதி இல்லாமல் வகுபட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எதற்கும் மசியாத எண் வந்தால் இன்னும் பெரிய சிரிப்பு வரும்.

இப்படிப்பட்டவனுக்குக் கடைக்கு வரும் தமிழ் ஆட்களில் பாதிப் பேரோடு தகராறுதான். எல்லோரும் எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டு எண் எட்டு வந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். "எட்டு சனியனோட நம்பர் தம்பி, பக்கத்துல ஏதாவது சின்னதா இன்னொரு நம்பர் சேத்து ஒட்டி சரிபண்ணிரு" என்பார்கள். நெல்சன் பொறுமையாகச் சொல்வான்: ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் வருவது வேறொன்றுமில்லை, அதை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதிதான். எட்டு என்றால் ஒன்பதின் மடங்குக்கு ஒன்று குறைச்சல், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் ஒன்பது வண்டிக்கு ஒரு வண்டி சனியன் வண்டியாக இருக்க வேண்டும், படகு தினமும் பாதிக் கடலில் நிற்க வேண்டும். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, "சரி, அந்தச் சின்ன நம்பரை எங்க ஒட்டுவ?" என்பார்கள்.

அதற்கும் அவனிடம் மருந்து உண்டு. "நம்ம போர்ட் பிளேர் பின்கோடு என்ன அண்ணாச்சி? 744101. கூட்டுங்க. பதினேழா? அதையும் கூட்டுங்க. எட்டா? அப்ப ஊரையே மெயின்லேண்டுக்கு மாத்திருவோமா?" வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கேட்டவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

டயானா அப்படி வரிசையில் நின்று சிரித்தவர்களில் ஒருத்தி. பம்பூஃப்ளாட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புரோத்ராபூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, சாத்தத்தில் படகேறி அக்கரை போய் வேலை பார்த்துத் திரும்புவாள். ஒருநாள் வண்டியைக் கடை முன்னால் நிறுத்தி, "தினமும் என் நம்பரைப் பாத்து என்ன முணுமுணுக்கறீங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். "உங்க 4043 இருக்கே, பதிமூணால வகுபடும், முந்நூத்திப் பதினொண்ணு வரும்" என்றான் நெல்சன். வேறொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள். இவள் படகில் போகும்போது போனில் வகுத்துப் பார்த்து, மாலையில் திரும்பி வந்து, "ஆமா" என்றாள். அந்த ஒரு சொல்லில் நெல்சன் விழுந்தான். அவள் எப்போது விழுந்தாள் என்பதை அவள் இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள், இரண்டு குடும்பமும் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவை, பங்குக் கோயிலும் ஒன்றே. நெல்சனுக்கு முப்பத்துமூன்று வயதாகிறது, கெட்ட பழக்கம் எண் மட்டும்தான். இதில் என்ன தடை வரப்போகிறது என்று நெல்சனின் அண்ணன் பழம், பூவோடு புரோத்ராபூர் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனான்.

டயானாவின் அப்பா அடைக்கலசாமி சாத்தம் மரமில்லில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு நாற்காலி, அலமாரி செய்துகொண்டிருக்கிறார். நல்ல மனிதர். பங்குத் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்பார். அண்ணனை உட்காரச் சொன்னவர், எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "பையன் பொறந்த தேதி என்ன?"

"மே இருபத்தாறு" என்றான் அண்ணன்.

அடைக்கலசாமி விரல்விட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டும் ஆறும் எட்டு. மன்னிக்கணும் தம்பி. பையன் தங்கமான பையன்தான், எனக்குத் தெரியும். ஆனா எட்டாம் நம்பருக்கு எம்மொவளக் குடுக்க மாட்டேன்."

அண்ணன் திரும்பி வந்தான். டயானா அன்றிரவு அப்பாவிடம் அழுதும் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். மறுநாள் கடைக்கு வந்து நெல்சனிடம் தீர்மானமாகச் சொன்னாள்: "வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அப்பா சம்மதிக்காமயும் கட்டிக்க மாட்டேன். ரெண்டுக்கும் நடுவுல என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க." சொல்லிவிட்டுப் படகேறிவிட்டாள்.

பெண்தான் தரமாட்டார், ஆர்டர் தருவார். அடுத்த வாரம் அடைக்கலசாமி ஒன்றுமே நடக்காதது போலக் கடைக்கு வந்தார். திருவிழாவில் ஊருக்கே அசனம் போடுவார்கள், அதாவது பொது விருந்து. சாப்பாடு வாங்கும் வரிசைகளுக்கு எண் பலகை வேண்டும். "ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும், அப்புறம் ஒம்பது. மொத்தம் எட்டுப் பலகை" என்றார்.

"எட்டுப் பலகைன்னா ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும்தானே மாமா?"

"எட்டாம் வரிசையில நின்னு எவம்ல சோறு வாங்குவான்?" என்றார் அவர்.

பங்குச் சாமியாரே இதற்காக அவரைப் பலமுறை கிண்டல் செய்திருக்கிறார். எதுவும் எடுபடவில்லை. நெல்சன் வாயை மூடிக்கொண்டு வெட்டினான். வெட்டிய இலக்கங்களை மேசைமேல் வரிசையாக வைத்தபோது 12345679 என்று ஒரு பெரிய எண்ணாக அது அவனைப் பார்த்தது. சும்மா விடுவானா? முதலில் கூட்டினான், முப்பத்தேழு. பிறகு அதே முப்பத்தேழால் வகுத்தான். துளி மீதியில்லாமல் 333667 வந்தது. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையாலேயே வகுபடும் எண்! 333667-ஐ உடைக்க முடியுமா என்று மாலை முழுக்க முட்டிப் பார்த்தான். அது பகா எண், உடையவே இல்லை. ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி என்று பார்க்கப் போனவன், கை தவறிக் கால்குலேட்டரில் பெருக்கல் பொத்தானை அழுத்திவிட்டான். திரையில் ஒன்பது ஒன்றுகள் வரிசையாக நின்றன: 111111111.

கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். காகிதத்தில் போட்டுப் பார்த்தான். சரியாகவே இருந்தது. பிறகு தலைகீழாக, ஒன்பது ஒன்றுகளை ஒன்பதால் வகுத்தான். பதினொன்றில் ஒன்பது ஒருமுறை போக மீதி இரண்டு. இருபத்தொன்றில் இரண்டுமுறை போக மீதி மூன்று. ஈவும் மீதியும் ஒரு படி, ஒரு படியாக ஏறிக்கொண்டே போயின. எழுபத்தொன்றில் ஏழுமுறை போக மீதி எட்டு. அந்த எட்டுக்குப் பக்கத்தில் அடுத்த ஒன்றை இறக்கினால் எண்பத்தொன்று. அதில் ஒன்பது ஒன்பது முறை சரியாகப் போய்விடும். அதனால்தான் ஈவு ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவுகிறது. எட்டு எங்கும் போகவில்லை, மீதியாக நின்று ஒன்பதை மேலே ஏற்றிவிட்டிருக்கிறது. நெல்சனுக்குச் சந்தோஷத்தில் கடைசிப் படகின் சங்குகூடக் காதில் விழவில்லை.

பலகை வாங்க அடைக்கலசாமி வந்தபோது அவன் கால்குலேட்டரை நீட்டினான். "மாமா, உங்க பலகை நம்பரை ஒம்பதால பெருக்குங்க."

பெருக்கினார். ஒன்பது ஒன்றுகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பிறந்தது பத்தாம் தேதி. கூட்டினால் ஒன்று. ஒன்றாம் எண்காரருக்கு முன்னால் ஒன்றாகவே வந்து நின்றால் மனிதர் என்ன ஆவார்! "அரே! எட்டை எடுத்துட்டோம்லா, அதாம்டே எல்லாம் என் நம்பராவே வருது" என்றார்.

"பதினெட்டால பெருக்குனா எல்லாம் ரெண்டு வரும். இருபத்தேழால பெருக்குனா எல்லாம் மூணு."

அன்று பலகையை வாங்க மறந்தே போய்விட்டார். மறுநாள் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பிறந்த தேதி கேட்டு, எட்டுக்காரர்களை மட்டும் விட்டுவிட்டு, அவரவர் எண்ணை வரிசையாக வரவைத்துக் காட்டினார். அவர் மனைவி சிசிலியாவுக்கு ஐந்தாம் எண். ஒன்பது ஐந்துகளைப் பலகைத் துண்டில் எழுதி அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். கொட்டகையில் அலமாரி வேலை அப்படியே நின்றது. தச்சுப் பென்சிலும் மரப்பலகையுமாகப் பெருக்கிக்கொண்டே இருந்தார்.

மாலையில் நெல்சனுக்குப் போன் வரும். "தம்பி, ரெண்டால பெருக்குனேன். 24691358. ஏழைக் காணல, கேட்டியா? நாலால பெருக்குனேன், அஞ்சைக் காணல. அஞ்சால பெருக்குனேன், நாலைக் காணல." பூஜ்யத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், மூன்றின் மடங்கல்லாத சின்ன எண்களால் பெருக்கும்போதெல்லாம் ஒன்பது இலக்கங்களில் ஒன்று விடுபடுகிறது, மற்ற எட்டும் ஆளுக்கு ஒருமுறை வந்து நிற்கின்றன. இதை அடைக்கலசாமி தானாகவே கண்டுபிடித்தார். நெல்சனுக்கு அதில் அவரைவிடப் பெருமை.

டயானாவுக்குத்தான் எரிச்சல். "நீங்க என்னையக் கட்டப் போறீங்களா, எங்கப்பாவைக் கட்டப் போறீங்களா? போன் எப்பவும் பிஸி!"

"டென்ஷன் ஆகாத. மாமா வழிக்கு வந்துட்டு இருக்காரு" என்றான் நெல்சன். அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. எண்ணின் அழகை இவ்வளவு ரசிக்கத் தெரிந்தவருக்கு எட்டின் பயம் தானே போய்விடாதா? இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும். அந்தத் தள்ளையும் யோசித்து வைத்திருந்தான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு.

அடுத்த முறை அவர் கடைக்கு வந்தபோது, "மாமா, எட்டால மட்டும் நீங்க பெருக்கவே இல்லையே. பெருக்கிப் பாருங்க, எவ்வளவு அழகா வருதுன்னு" என்றான். அவர் தயங்கினார். அவனே பெருக்கிக் காட்டினான்.

98765432.

படிக்கட்டில் இறங்குவது போல ஒன்பதிலிருந்து இரண்டு வரை வரிசை பிசகாமல் வந்திருந்தது. "பாத்தீங்களா? எட்டு தொட்டா கலைஞ்சு போகும்னு நெனச்சீங்க. எட்டு தொட்டதும்தான் எல்லாம் ஒழுங்கா நிக்குது."

அடைக்கலசாமி அந்த எண்ணை வலமிருந்து இடமாகப் பார்த்தார். இடமிருந்து வலமாகப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "ஒண்ணைக் காணலியே" என்றார்.

நெல்சனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எட்டு உள்ள வந்தா ஒண்ணு வெளிய. எனக்க நம்பர் வெளிய. இம்புட்டு நாளும் பாத்தேன், எந்தக் கணக்குல எட்டு வந்தாலும் யாராவது ஒருத்தர் போயித்தான் ஆகணும். ரெண்டால பெருக்குனா எட்டு வருது, ஏழு போவுது. நாலால பெருக்குனா எட்டு வருது, அஞ்சு போவுது." குரல் உடைந்திருந்தது. "எனக்குத் தெரியும்டே. எப்பமோ தெரியும்." கால்குலேட்டரை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். போன் நின்றுபோனது.

பலகைகளை வாங்கிப் போக ஆட்டோவில் சிசிலியாதான் வந்தாள். நெல்சன் அவளுக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டான். "அத்தை, மாமா எம்மேல ரொம்பக் கோவமா?"

"கோவம் இல்ல தம்பி. பயம்" என்றாள் சிசிலியா. "உனக்கு ஒண்ணு தெரியுமா? அவுக முன்னால இந்த நம்பர் கிம்பரெல்லாம் பாக்க மாட்டாக. எங்க கல்யாணத்துக்குத் தேதி பாக்கணும்னு எங்கப்பா சொன்னப்ப, சிரிச்சவுக அவுக. அவுக தம்பி ஜெயமணி தெக்க லிட்டில் அந்தமான் தீவுல, ஹட்பேல இருந்தாரு. கிறிஸ்மஸுக்கு இங்க வந்தவரு, அன்னைக்கு ராத்திரியே திரும்பணும்னு நின்னாரு. இன்னொரு நாள் இருந்துட்டுப் போன்னு நான் சொன்னேன். போகட்டும், அவனுக்கு அங்க வேலை இருக்குன்னு இவுகதான் கப்பலேத்தி விட்டாக. காலையில அங்க போய் இறங்குனாரு."

அவள் மேலே சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் எந்த நாள் என்று தீவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரத்து நான்கு, டிசம்பர் இருபத்தாறு. கடல் எழுந்து ஊருக்குள் வந்த நாள்.

"ஆளு கிடைக்கல" என்றாள் சிசிலியா. "அதுக்கப்புறந்தான் எட்டு எட்டுன்னு பிடிச்சுக்கிட்டாக. தன்னைக் குறை சொல்றதுக்குப் பதிலா அந்த நம்பரைக் குறை சொல்லிட்டுப் போகட்டும்னு நானும் விட்டுட்டேன்."

 அந்த மனிதர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கட்டையை நெல்சன் கேலி பேசித் தட்டிவிடப் பார்த்திருக்கிறான். மீதி, மடங்கு என்று எத்தனை சொன்னாலும் அவருக்கு அது ஜெயமணி போன நாள்தான். பலகைகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அன்று முழுக்க அவன் எந்த வண்டியின் எண்ணையும் வகுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகப் புரோத்ராபூருக்குப் போனான். பெண் கேட்பதற்காக அல்ல, மன்னிப்புக் கேட்கத்தான். கொட்டகையில் அடைக்கலசாமி மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். காதில் பென்சில். டயானா வாசலில் நின்று இவனைப் பார்த்து, எதுவும் புரியவில்லை என்பது போலக் கையை விரித்தாள்.

"மாமா, என்னைய மன்னிச்சிருங்க" என்றான் நெல்சன். "ஜெயமணி மாமா விஷயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படி விளையாட்டா பேசியிருக்க மாட்டேன். இனிமே உங்ககிட்ட எட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். டயானாவையும் வற்புறுத்த மாட்டேன்."

"பேச மாட்டேன்னா எப்படி? நான் யார்கிட்ட காட்டுவேன் இத?" என்றார் அடைக்கலசாமி. "இங்க வா."

மடியில் அகலமான ஒரு படாக் மரப்பலகை. சிவந்த மரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். 12345679. கீழே, பத்தால் பெருக்கி, 123456790.

"எனக்குத் தூக்கம் வரல. நான் பொறந்தது பத்தாந்தேதிலா, பத்தால பெருக்கிப் பாப்போம்னு பாத்தேன். வெறும் பூஜ்யந்தான் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. எட்டு இப்பமும் இல்ல. சரி, பூஜ்யத்துல முடியக் கூடாதேன்னு, மொய் வைக்கதுக்கு ஒண்ணு சேப்போம்லா, அது மாதிரி ஒண்ணைக் கூட்டினேன். ஒண்ணும் ஆகல. பொறவு அந்த ஒண்ணைக் கழிச்சா என்னன்னு பாத்தேன்."

விரலை நகர்த்தினார். பலகையின் அடியில் ஒரே ஒரு வரி இருந்தது.

123456789.

நெல்சன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை நாள் அந்த எண்ணோடு புரண்டிருக்கிறான்! ஏழால், எட்டால், பதிமூன்றால் என்று பெருக்கிப் பெருக்கிப் பார்த்தவனுக்கு, ஒன்றைக் கழித்துப் பார்க்க ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"எட்டு வந்துட்டான் பாத்தியா?" என்றார் அடைக்கலசாமி. கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "யாரும் போகல. நல்லா எண்ணிப் பாரு. ஒண்ணு முன்னாலதான் நிக்கேன். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, எல்லாரும் இருக்காக. எட்டு வந்தா ஒருத்தர் போகணும்னு இவ்வளவு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. அப்படி இல்ல. ஜெயமணியக் கொண்டுபோனது கடலு. நான் அவனை அனுப்பினேன், அதுவும் நெசம். நம்பர் ஒண்ணும் பண்ணல."

வாசலில் நின்ற டயானா உள்ளே வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு இத்தனை வருஷம் தீராமல் கிடந்த அழுகையும் கொஞ்சம் வந்தது, கூடவே நிம்மதியும் வந்தது. சிசிலியா அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடைக்கலசாமி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பலகையில் எட்டுக்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் கீழே சேர்த்து ஒரு கோடு போட்டார். மகளைப் பார்த்து, "நீ பொறந்த தேதி என்ன?" என்றார், தெரியாதவர் மாதிரி.

"பதினெட்டு" என்றாள் டயானா.

"ஒண்ணும் எட்டும் ஒம்பது." அவர் நெல்சனை நிமிர்ந்து பார்த்தார். "ஒம்பதுக்குப் பக்கத்துல ஒரு எடம் மொதல்லேருந்தே காலியாத்தாம்டே கெடந்திருக்கு. நாந்தான் பாக்கல."